கேக் டப்பாவுக்குள் இரண்டு பாட்டில்

உப்பளம், புதுச்சேரி
12.2.2025

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது.

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கவேண்டும் என்று அங்காளம்மனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே உன் அம்மா சுகம், முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் சுகம் என்று அடுத்த வரி வரவேண்டும், இந்தத் தடவை எழுத வரவில்லை, விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். பதிமூன்று நாளாக நீ தினமும் போன் செய்கிறாய், அம்மாவிடம் பேசுகிறாய், அம்மா என் கையில் கொடுத்தால் சாப்ட்டியாப்பா என்று கேட்கிறாய், சாப்ட்டேம்மா என்கிறேன், சரிப்பா வெச்சிடறேன் என்கிறாய். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. நீ வைத்ததும் எனக்கும் அப்பாடா என்றுதான் இருக்கிறது. வாயைத் திறந்தால் எனக்குச் சமாளிப்புதான் வரும், என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா. அதனால்தான் கடைக்குப் போய்க் கோடு போட்ட தாள் வாங்கிவந்தேன். பிள்ளைக்குப் பரீட்சையா என்று கடைக்காரர் கேட்டார், ஆமாம் என்றேன். மூன்று தாள் கிழித்துப் போட்டாகிவிட்டது, இது நான்காவது.

நடந்ததை நீ பக்கத்தில் நின்று பார்த்தாய், அதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் என் மண்டைக்குள் அது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. பொங்கலுக்கு நாலு நாள் வந்திருந்தாயே, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தோள்பட்டை எலும்பு தெரிய வந்து இறங்கினாய். அடுப்படியில் அம்மாவிடம் நீ சொன்னதை நான் வெளியே கரும்பு நறுக்கிக்கொண்டே கேட்டேன். பதினோரு பேர் சேர்ந்தோம், பிப்ரவரி கடைசியில் எட்டுப் பேரைத்தான் கன்ஃபர்ம் பண்ணுவாங்களாம், பாரதி மேடம்தான் முடிவு பண்ணுவாங்க, அவங்க நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க, நல்லா இல்லன்னும் சொல்ல மாட்டாங்க, எனக்குத் தூக்கமே வர்றதில்லம்மா என்றாய். அதைக் கேட்ட பிறகு எனக்குக் கரும்பு இனிக்கவில்லை. நீ ஊருக்குப் போனதிலிருந்து அதே யோசனை. நான் வேலை பார்க்கும் நோணாங்குப்பம் படகுத்துறைக்குச் சனி ஞாயிறில் வருகிற கூட்டத்தில் பாதி உன்னை மாதிரி சாப்ட்வேர் பிள்ளைகள்தான், லீவு நாளில்கூடக் கழுத்தில் அட்டையைக் கழற்றாமல் படகு ஏற வருவார்கள். நான் லைஃப் ஜாக்கெட் மாட்டி பக்கிள் போட்டுவிடும்போதே, அண்ணா இங்க நல்ல கடை எங்க இருக்கு, எந்தச் சரக்கு நல்லா இருக்கும் என்றுதான் கேட்பார்கள், கடலைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. நம் ஊரிலிருந்து கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் சொந்தக்காரன் நம் முகத்தைப் பார்க்கும் முன்னால் பையைத்தானே பார்க்கிறான். பாண்டிச்சேரிக்காரன் கையில் இருப்பது இது ஒன்றுதான், இதற்குத்தான் சென்னையில் மதிப்பு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மேடம் பொம்பளைதானே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதனால் என்ன, வீட்டுக்காரருக்கு ஆகும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி உன் அப்பா.

தை அமாவாசைக்கு மறுநாள் லீவு போட்டேன். அம்மாவிடம், உன்னைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன், அவளும் பாவம் எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தாள். நல்ல சரக்காக இரண்டு பாட்டில் வாங்கினேன். பேக்கரியில் பெரிய பிளம் கேக் டப்பா ஒன்று காலியாகக் கேட்டு வாங்கி, இரண்டு பாட்டிலையும் உன் அம்மாவின் பழைய துண்டில் சுற்றி அதில் படுக்கவைத்து, ரிப்பன் வேறு கட்டினேன். வெள்ளை வேட்டி சட்டை. பஸ்ஸில் செக் போஸ்ட் வந்தபோது டப்பாவைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் ஏறி, மேலே இருந்த இரண்டு பையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்பியதும் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூடாது, அம்மனே உன் வேலைக்கு வழி விட்டுவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த மனுஷன் என்னை அங்கேயே பிடித்து இறக்கி நாலு பேர் முன்னால் நிற்கவைத்திருக்கலாம். அசிங்கம் என்னோடு போயிருக்கும், உன் வாசல் வரைக்கும் வந்திருக்காது.

உன் ஆபீசில் பைக்கு எக்ஸ்ரே மெஷின் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஏர்போர்ட்டில்தான் அதெல்லாம் என்று நினைத்திருந்தேன். நீ கீழே இறங்கி வருவதற்கு முன்னால் நடந்த ஒன்றை நீ பார்க்கவில்லை, அதைத்தான் சொல்ல எனக்குக் கூசுகிறது. அந்த செக்யூரிட்டித் தம்பி விழுப்புரத்துப் பக்கம், என் பேச்சை வைத்தே நம்மாள் என்று கண்டுபிடித்துவிட்டான். திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கிட்டே வந்து, அண்ணே நான் பாக்கல, நீங்க டப்பாவ எடுத்துக்கிட்டு வெளிய போயிடுங்க, பொண்ண டீக்கடைல வந்து பாக்கச் சொல்றேன் என்று காதோடு சொன்னான். போயிருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்குத் தெரிந்திருக்காது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, இவன் யார் என்னைத் திருப்பி அனுப்ப என்று. நான் ஒண்ணும் திருடிக்கிட்டு வரல, பாரதி மேடத்துக்குக் கொண்டாந்திருக்கேன், அவங்கள வரச்சொல்லு என்று சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மேஜைமேல் டப்பாவைப் பிரித்தார்கள், நீ லிஃப்டில் இருந்து இறங்கினாய், பின்னாலேயே அந்தம்மாவும் வந்தார்கள். அப்போதாவது வாயை மூடினேனா. பொண்ணு கன்ஃபர்ம் விஷயமா மேடம், வீட்டுக்காரருக்குக் குடுங்க என்று பல்லைக் காட்டினேன். காப்பி மெஷின் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தது எனக்கும் கேட்டது. அந்தம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சுடரோட அப்பாவா, உக்காருங்க, தண்ணி குடிங்க, இதெல்லாம் இங்க இல்லீங்க என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்கள். பிறகு வாசல் செக்யூரிட்டி நோட்டில், வந்தவர் பேர், யாரைப் பார்க்க, என்ன உறவு, என்ன பொருள் என்று எழுதி உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நீ போட்டாய். உன் பேருக்குப் பக்கத்துக் கட்டத்தில் மதுபாட்டில் இரண்டு என்று எழுதியிருந்தது. டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

ரோட்டைத் தாண்டி என்னை பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துக்கொண்டு வந்தாய், டீ வாங்கிக் கொடுத்தாய், நீ குடிக்கவில்லை. திட்டுவாய், கத்துவாய் என்று பார்த்தேன், அப்படிச் செய்திருந்தால் தேவலை. ஆறு மாசமா நான் செஞ்சதெல்லாம் ரெண்டு பாட்டிலாப்பா என்று மட்டும் கேட்டாய். பஸ் வந்தது, ஏற்றிவிட்டாய், அது கிளம்பும் வரைக்கும் நிற்கவில்லை. திரும்பி வரும்போது கண்டக்டர் பிரிந்துகிடந்த டப்பாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, என்னா பெருசு, மெட்ராஸ்லேர்ந்து பாண்டிக்குச் சரக்கு கொண்டுபோற மொத ஆளு நீதான் என்று சொல்லிச் சிரித்தார், பஸ்ஸே சிரித்தது, நான் எள்ளுருண்டைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னிடம் கொடுக்கவே இல்லை அதை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல்நாயகி இந்த இருபத்தெட்டு வருஷத்தில் என்னை வையாத நாள் இல்லை, அன்றைக்கு வையவில்லை. இரண்டு பாட்டிலையும் எடுத்துப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். தெருவே மணத்தது, எதிர்வீட்டுச் செல்வாம்பாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்னா தையலு, ஊட்டுல விசேஷமா என்று கேட்டுவிட்டுப் போனாள். பிறகு உன் அம்மா பாட்டிலைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, ஒன்றில் நல்லெண்ணெயும் ஒன்றில் வினிகரும் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். தினமும் தோசைக்கு அதைத்தான் சாய்க்கிறாள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இப்போது சொல்லப்போவதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் போன வாரம்தான் தெரியும். நான் மில்லில் பர்மனென்ட் ஆனது எப்படி என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறாய், தறி நல்லா ஓட்டுனேன், குடுத்தாங்க என்று சொல்லியிருக்கிறேன். நானும் உன் மண்ணாங்கட்டி பெரியப்பாவும் நாலு வருஷம் பதிலிகளாக இருந்தோம், அதாவது காலையில் சங்கு ஊதும்போது கேட்டில் போய் நிற்கவேண்டும், நிரந்தரக்காரன் யாராவது வரவில்லை என்றால் அவன் தறி அன்றைக்கு நமக்கு, எல்லாரும் வந்துவிட்டால் திரும்பி வீட்டுக்கு. ஒரு பொங்கலுக்கு முன்னால், எங்கள் ஷிப்டில் ஒரே ஒரு இடம் காலி, உங்கள் ரெண்டு பேரில் ஒருத்தனுக்குத்தான் என்று பேச்சு. மண்ணாங்கட்டி கை என் கையைவிட மோசம் இல்லை, இழை அறுந்தால் என்னைவிடச் சீக்கிரம் முடிச்சுப் போடுவான். எனக்குப் பயம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி, பிரான்சிலிருந்து வந்த பாட்டில் ஒன்றை வாங்கி, ஒரு வஞ்சர மீனோடு, ஆள் எடுக்கிற மேஸ்திரி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். தை பிறந்து பத்தாம் நாள் என் பேர் பலகையில் வந்தது. மண்ணாங்கட்டி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். அவன் இன்னும் ஒரு வருஷம் கேட்டில் நின்றான், அப்புறம் விட்டுவிட்டு ஆட்டோ ஓட்டப் போய்விட்டான்.

அந்தப் பர்மனென்டைப் பார்த்துத்தான் உன் அம்மாவை எனக்குக் கொடுத்தார்கள், அதில்தான் இந்த வீட்டுக்குக் கூரை போட்டேன், அதில்தான் நீ படித்தாய். ஆனால் ஒரு நாளாவது அது என் வேலை என்று நெஞ்சு நிமிர்த்தி நான் தறி முன்னால் நின்றதில்லை. ராமதாசு தறி நிக்கவே நிக்காதுடா என்று யாராவது சொன்னால், இவனுக்குப் பாட்டில் விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் மண்ணாங்கட்டி பெரியப்பாவுக்குத்தான் ஏன் முதல் பந்தி, ஏன் அவருக்கு மட்டும் நீயே பரிமாறுகிறாய் என்று உன் மஞ்சள் நீராட்டின்போது கேட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். மில் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த அரிப்பு மட்டும் மூடவில்லை. அப்படி வெட்கப்பட்டவன் அதையே மகளுக்கு ஏன் செய்தாய் என்று கேட்பாய். கேள், நியாயம்தான். பாட்டில் இல்லாமல் வெறும் கையை நம்பி ஒரு வேலை வரும் என்று நான் பார்த்ததில்லை கண்ணு. பார்க்காததை உனக்கு மட்டும் வரும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. உன்னை நம்பவில்லை என்றுதானே ஆகிறது, அதை எழுதும்போது எனக்கே அழுகை வருகிறது.

நேற்று எனக்கு வார லீவு. மனசு தாங்காமல் ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், மண்ணாங்கட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன், உன் ஆபீசில் நடந்தது, மில்லில் நடந்தது, பிரான்சு பாட்டில், வஞ்சரம், எல்லாம். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னா மீனு சொன்ன என்று கேட்டான். வஞ்சரம் என்றேன். நான் நாட்டுக்கோழி குடுத்தண்டா என்றான். அவனும் அதே வாரம் மேஸ்திரி வீட்டுக்கு ஒரு பாட்டிலும் ஒரு கோழியும் கொண்டுபோயிருக்கிறான். எனக்கு முன்னால் இரண்டு நாள். விழுந்து விழுந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் குடுத்தது மட்ட சரக்கு ராமதாசு, அதனாலதான் போச்சுன்னு இத்தினி நாளா நெனச்சிக்கிட்டு இருக்கேன், கை சரியில்லன்னு ஒரு நாளும் நெனைக்கல, கை நல்லா இருந்துச்சுன்னும் நெனைக்கல என்றான். ஆக அந்த மேஸ்திரி இரண்டு பாட்டிலையும் குடித்துவிட்டு, எதைப் பார்த்து என்னை வைத்தான், எதைப் பார்த்து அவனை விட்டான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஒரு வேளை என் தறிதான் காரணமோ என்னமோ. மேஸ்திரி செத்து எட்டு வருஷம் ஆகிறது, கேட்கவும் முடியாது. மில்லில் நான் பார்த்த வேலை என் உழைப்பால் கிடைத்ததுதானா என்று தெரியாமலே என் காலம் போய்விட்டது சுடர். மண்ணாங்கட்டிக்கும் அப்படியே போய்விட்டது.

இதைச் சொல்வதால் நான் செய்தது சின்னதாகிவிடும் என்று சொல்லவில்லை, அப்பாவை மன்னித்துவிடு. உன் மேடத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், நீ அந்தம்மாவுக்குக் கொண்டுபோய்க் குடுத்தது போதும், சும்மா கெட என்றாள், அதுவும் சரிதான். நீ கூப்பிடாமல் இனிமேல் அந்தப் பக்கம் வரமாட்டேன். ஹாஸ்டலில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, யார் பின்னால் ஸ்கூட்டியில் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போட்டுக்கொள். சிரித்த பிள்ளைகளிடம் முறைத்துக்கொள்ளாதே, கேட்டால் எங்கப்பாவுக்குத் தெரியாது என்று சொல்லிவிடு, அது உண்மைதான். மாசி மகத்துக்கு லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டால் மேடத்திடம் போய் நிற்காதே. அம்மா வேறு எள்ளுருண்டை பிடித்து கூரியரில் போட்டிருக்கிறாள், பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கும் கொடு. நூறு வயது இருந்து, கை கால் சுகத்தோடு, நாலு பேர் மதிக்க நீ நன்றாக இருக்கவேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

ஒன்றை மட்டும் எனக்காகச் செய். மாதக் கடைசியில் அந்தம்மா உன்னைக் கூப்பிட்டு முடிவைச் சொல்லும்போது, தேங்க்யூ மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடாதே. வைத்துக்கொண்டால், எதைப் பார்த்து வைத்துக்கொண்டீர்கள் என்று கேள். வேண்டாம் என்றாலும், எதைப் பார்த்து வேண்டாம் என்கிறீர்கள் என்று கேள். கேட்க வெட்கப்படாதே, வெட்கப்படவேண்டியவன் நான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர்கள் என்ன சொன்னாலும், நல்லதோ கெட்டதோ, ஒரு வரி விடாமல் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. என் வேலையைப் பற்றி நான் நம்பும்படி ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை, உன் வேலையைப் பற்றிச் சொன்னதையாவது நான் படிக்கவேண்டும். அனுப்ப மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
இராமதாஸ்